தரையோட்டத்தின்போது விமானியின் கவனச்சிதறல்

தரையோட்டம் என்பது, வானூர்தி ஒன்று தனது சொந்த விசையால் வானூர்தி நிலையத்தின் தரையில் நகர்ந்து செல்வதாகும். ஆங்கிலத்தில் இது டாக்சியிங் எனப்படுகின்றது. பயணிகள் ஏறும் இடத்திலிருந்து ஓடுபாதைக்குச் செல்வதும், தரையிறங்கிய பின் திரும்பி வருவதும் இதில் அடங்கும். வேகம் குறைவாக இருப்பதால் இது பயணத்தின் எளிய பகுதி போலத் தோன்றும். எனினும், வானூர்தி தவறான ஓடுபாதையில் புகுந்தாலோ, வேறொரு வானூர்தி பயன்படுத்தும் ஓடுபாதையைக் குறுக்கிட்டாலோ பெரும் விபத்து நேரக்கூடும். எனவே, தரையோட்டத்தின்போது விமானிகளின் கவனம் சிதறுவது முக்கியமான பாதுகாப்புச் சிக்கலாகக் கருதப்படுகின்றது.

காரணங்கள்

பெரிய வானூர்தி நிலையங்களில் பல ஓடுபாதைகளும், அவற்றை இணைக்கும் டாக்சிவே எனப்படும் தடங்களும் வலை போல அமைந்துள்ளன. எடுத்துக்காட்டாக, ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டா வானூர்தி நிலையத்தில் 5 ஓடுபாதைகள் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளன. இத்தகைய இடங்களில், வெளிப்புற ஓடுபாதையில் இறங்கும் வானூர்தி முனையத்தை அடைய உட்புற ஓடுபாதையைக் கடக்க வேண்டியிருக்கும்.

பொதுவாகத் தலைமை விமானி வானூர்தியைச் செலுத்த, துணை விமானி வானொலியில் கட்டுப்பாட்டாளருடன் பேசுவார். சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பதும், எடை, வேகம் முதலிய விவரங்களைக் கணினியில் பதிவதும் அவருடைய பணிகளே. அவ்வேளைகளில் அவருடைய பார்வை வெளியில் இருப்பதில்லை. இருவரில் ஒருவர் செய்யும் தவறை மற்றவர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அப்போது குறைந்துவிடுகின்றது. இரவு, மூடுபனி, கடைசி நேரத்தில் ஓடுபாதை மாற்றப்படுதல், தேவையற்ற உரையாடல் ஆகியவை இந்நிலையை மேலும் மோசமாக்குகின்றன.

விமானியறை விதி

1974 செப்டம்பர் 11 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் வானூர்தி ஒன்று மூடுபனியில் சார்லட் நகர் அருகே வீழ்ந்ததில் 70க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தரையிறங்க நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் விமானிகள் அரசியல், பழைய கார்கள் முதலியவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. இத்தகைய நிகழ்வுகளைத் தொடர்ந்து 1981 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டரசு வான்பயண நிர்வாகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. விமானியறையில் தேவையற்ற எதுவும் கலக்கக் கூடாது என்னும் பொருளில் இது ஆங்கிலத்தில் ஸ்டெரைல் காக்பிட் விதி எனப்படுகின்றது.

தரையோட்டம், மேலெழும்புதல், தரையிறங்குதல் ஆகியவற்றின்போதும், நிலையான உயரத்தில் பறக்கும் கட்டம் நீங்கலாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத பணிகளை இவ்விதி தடை செய்கின்றது. உணவு உண்பது, பயணத்துக்குத் தொடர்பில்லாதவற்றைப் படிப்பது, வெளிக்காட்சிகளைப் பயணிகளுக்கு அறிவிப்பது, பொதுவான அரட்டை ஆகியன இவற்றுள் சில. பாதுகாப்புத் தொடர்பான பேச்சுக்குத் தடை இல்லை.

லெக்சிங்டன் விபத்து

2006 ஆகஸ்ட் 27 அன்று விடியும் முன், கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரிலிருந்து கோமேர் 5191 வானூர்தி புறப்பட்டது. அது செல்ல வேண்டிய 22 ஆம் எண் ஓடுபாதையின் நீளம் 7,003 அடி. அதை அடையும் வழியில் 26 ஆம் எண் ஓடுபாதையைக் கடக்க வேண்டும். விமானிகளோ 3,500 அடி நீளமே கொண்ட அந்த 26 ஆம் எண் ஓடுபாதையிலேயே திரும்பி வேகம் எடுத்தனர். விளக்குகள் எரியாதது விந்தையாக உள்ளதாகத் துணை விமானி குறிப்பிட்டும் வானூர்தி நிறுத்தப்படவில்லை. கட்டுப்பாட்டாளரும் வேறொரு பணியின் பக்கம் திரும்பியிருந்தார். வானூர்தியில் இருந்த 50 பேரில் துணை விமானி மட்டுமே உயிர் பிழைத்தார்.

தாம் எந்த ஓடுபாதையில் இருக்கிறோம் என்பதை விமானிகள் உறுதிப்படுத்தத் தவறியதே விபத்துக்குக் காரணம் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. தரையோட்டத்தின்போது நிகழ்ந்த தொடர்பற்ற உரையாடலைத் துணைக் காரணமாக அது குறிப்பிட்டது. வழியிலுள்ள ஒவ்வோர் ஓடுபாதையையும் கடக்கத் தனித்தனி அனுமதி பெற வேண்டும் என்ற விதி இல்லாததும் மற்றொரு துணைக் காரணமாகக் கூறப்பட்டது. அவ்விதி 2010 இல் நடைமுறைக்கு வந்தது.

தடுப்பு முறைகள்

- தரையோட்டம் தொடங்கும் முன்பே, வரைபடத்தைப் பார்த்து வழியை இருவரும் பேசி முடிவு செய்தல்.
- ஓடுபாதைக்கு முன் நிற்குமாறு வரும் ஆணையைக் கட்டுப்பாட்டாளரிடம் திரும்பக் கூறுதல்.
- ஓடுபாதையைக் கடக்கும்போது மற்றப் பணிகளை நிறுத்தி, இருவரும் வெளியே பார்த்தல்.
- ஓடுபாதை எண்ணைக் காட்டும் சிவப்புப் பலகையையும் திசைகாட்டியையும் ஒப்பிடுதல்.
- ஐயம் ஏற்பட்டால், ஓடுபாதைக்கு வெளியே நின்று கட்டுப்பாட்டாளரிடம் கேட்டல்.

நிலைய அமைப்பும் உதவக்கூடும். அட்லாண்டாவில் ஓர் ஓடுபாதையின் முனையைச் சுற்றிச் செல்லும் தடம் 2007 இல் திறக்கப்பட்டது. இதனால் அங்கு இறங்கும் வானூர்திகள் அவ்வோடுபாதையைக் குறுக்கே கடப்பது பெரிதும் தவிர்க்கப்படுகின்றது.

இவை யாவும் இருந்தும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2024 சனவரி 2 அன்று டோக்கியோவின் அனேடா வானூர்தி நிலையத்தில், ஓடுபாதைக்கு முன்னுள்ள காத்திருப்பிடம் வரை செல்லவே ஆணை பெற்ற கடலோரக் காவல்படை வானூர்தி ஓடுபாதைக்குள் சென்று நின்றது. தரையிறங்கிய பயணிகள் வானூர்தி அதன்மீது மோதியது. பயணிகள் வானூர்தியில் இருந்த 379 பேரும் தப்பினர். காவல்படையினர் அறுவரில் ஐவர் உயிரிழந்தனர்.