'வித்தவுட்' சாயா சரி, 'சுகர் ஃப்ரீ' பாயசம்? எரித்ரிட்டால் இதயத்துக்கு ஆபத்தா?

திருவனந்தபுரத்தில் எந்த டீக்கடைக்குப் போனாலும் "ஒரு வித்தவுட்" என்றால் போதும், சீனி போடாத சாயா வந்துவிடும். தமிழ்நாட்டில் 'வித்தவுட்' என்றால் டிக்கெட் எடுக்காமல் ரயில் ஏறியவர். இங்கே அது சுகர் உள்ளவர்களின் டீ.

இந்த வார்த்தை இவ்வளவு சகஜமானதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் வெளியாயின. நாட்டில் வயது வந்தோரில் 11.4% பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் 14.4%. கேரளாவில் 25.5%. அதாவது நாலில் ஒருவர். இதைவிட அதிகம் கோவாவிலும் புதுச்சேரியிலும்தான்.

டீயைச் சீனி இல்லாமல் குடித்துவிடலாம். ஆனால் கல்யாணப் பந்தியில் போளியைப் பிய்த்து அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றிச் சாப்பிடும் ஊர் இது. பாயசத்தை எப்படி 'வித்தவுட்' ஆக்குவது? அந்த இடத்தில்தான் "சுகர் ஏறாது, கலோரி இல்லை, இயற்கையானது" என்று ஒரு வெள்ளைப் பொடி வீட்டுக்குள் வருகிறது. அதன் பெயர் எரித்ரிட்டால்.

அது என்ன பொடி?

எரித்ரிட்டால், சைலிட்டால், சார்பிட்டால், மால்டிட்டால் எல்லாம் ஒரே குடும்பம். வேதியியலில் 'சர்க்கரை ஆல்கஹால்' என்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போதைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூலக்கூறின் அமைப்பை வைத்து வந்த பெயர் அது.

திராட்சை, பேரிக்காய், தர்பூசணி போன்றவற்றில் எரித்ரிட்டால் துளியளவு இருக்கிறது. 'இயற்கை' என்ற விளம்பரம் அதைப் பிடித்துக்கொண்டுதான். கடையில் விற்பது பழத்திலிருந்து எடுத்தது அல்ல. மாவுச்சத்திலிருந்து குளுக்கோஸ் தயாரித்து, அதை ஈஸ்ட் மூலம் நொதிக்க வைத்து ஆலையில் செய்வது. ஒரு கிராம் சீனியில் 4 கலோரி என்றால் இதில் 0.2 மட்டுமே. ரத்தச் சர்க்கரையையும் இது ஏற்றுவதில்லை. இந்த அளவில் விளம்பரம் சொல்வது உண்மைதான்.

"நான் எரித்ரிட்டால் வாங்குவதில்லை, ஸ்டீவியாதான்" என்று சொல்பவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஸ்டீவியாவின் சாறு சீனியைவிட 200 மடங்குக்கு மேல் இனிப்பானது. அதைக் கரண்டியால் அள்ளிப் போட முடியாது. அளவு கூட்டுவதற்கு ஏதாவது சேர்த்தாக வேண்டும், பல பாக்கெட்டுகளில் அந்த 'ஏதாவது' எரித்ரிட்டால்தான். மங்க் ஃப்ரூட் பொடியிலும் பெரும்பாலும் இதே கதை.

வயிறு தப்பித்தது, ஆனால்...

சார்பிட்டாலும் மால்டிட்டாலும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கின்றன, அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைக்கின்றன. விளைவு: வயிறு உப்புசம், வாயு, அளவு கூடினால் பேதி. 'சுகர் ஃப்ரீ' சாக்லேட்டை ஒரே மூச்சில் காலி பண்ணியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

எரித்ரிட்டால் இதில் விதிவிலக்கு. சுமார் 90% சிறுகுடலிலேயே ரத்தத்துக்குள் போய்விடுகிறது. உடல் அதைச் செரித்து எரிப்பதில்லை, அப்படியே சிறுநீரில் வெளியேற்றுகிறது. வயிற்றுக்குத் தொல்லை குறைவு என்று பெயர் வாங்கியது இதனால்தான். ஆனால் வெளியேறும் வரை அது ரத்தத்தில்தானே சுற்றிக்கொண்டிருக்கும்? அங்கே அது என்ன செய்கிறது என்பதை நீண்ட காலம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசன் குழு 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதய நோய் அபாயத்துக்காகப் பரிசோதனைக்கு வந்த சுமார் 4,000 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். எரித்ரிட்டால் மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, அடுத்த மூன்று ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் வாய்ப்பு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

பிறகு ஆரோக்கியமான 8 பேருக்கு 30 கிராம் எரித்ரிட்டால் கலந்த பானம் கொடுத்தார்கள். ரத்தத்தில் அதன் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் எகிறியது. இரண்டு நாளுக்குப் பிறகும் முழுதாக இறங்கவில்லை. 2024 ஆகஸ்டில் இன்னொரு சிறு சோதனை: 10 பேருக்கு 30 கிராம் எரித்ரிட்டால், வேறு 10 பேருக்கு 30 கிராம் குளுக்கோஸ். எரித்ரிட்டால் குடித்தவர்களின் ரத்தத் தட்டணுக்கள், அதாவது ரத்தம் உறையக் காரணமான அணுக்கள், வழக்கத்தைவிடச் சுலபமாகத் தூண்டப்பட்டன. குளுக்கோஸ் குடித்தவர்களிடம் அப்படி நடக்கவில்லை. இதே குழு 2024 ஜூனில் சைலிட்டால் பற்றியும் இதே பாணியில் எச்சரித்தது.

அப்போ இது மாரடைப்பு வரவழைக்குமா?

அப்படிச் சொல்ல முடியாது. இங்கே நிதானம் தேவை.

நம் உடலே குளுக்கோஸிலிருந்து கொஞ்சம் எரித்ரிட்டால் தயாரிக்கிறது. வளர்சிதை மாற்றம் கெட்டுப்போனவர்களிடம் அது கூடுதலாக இருப்பது தெரிந்த விஷயம். எனவே ரத்தத்தில் அதிகம் இருப்பது நோய்க்குக் காரணமா, அல்லது ஏற்கெனவே உள்ளே இருக்கும் நோயின் அடையாளமா என்று அந்த 4,000 பேர் ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்ற கணக்கும் அதில் இல்லை. தட்டணு சோதனைகள் இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் தாண்டுகின்றன, ஆனால் அவை மிகச் சிலரிடம், ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்தவை. பல ஆண்டுகள் பலருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை எதுவும் இதுவரை வரவில்லை.

குற்றம் நிரூபணமாகவில்லை, சந்தேகமும் தீரவில்லை. சிக்கல் என்னவென்றால், இந்தப் பொடியை அதிகம் வாங்குவது சுகர் உள்ளவர்கள். இதய நோய் அபாயம் ஏற்கெனவே அதிகம் உள்ளவர்களும் அவர்களே. இருபது வயதில் ஜிம்முக்குப் போகிறவரும், ஸ்டென்ட் வைத்த அறுபது வயதுக்காரரும் இந்தச் சந்தேகத்தை ஒரே தராசில் வைக்க முடியாது.

30 கிராம் என்பது எவ்வளவு?

இதுதான் சமையலறையில் உதவும் கேள்வி. டீக்கு ஒரு ஸ்பூன் என்றால் 4, 5 கிராம். பாயசம் வேறு கணக்கு. எரித்ரிட்டாலின் இனிப்பு சீனியில் சுமார் 70% தான். ஒரு டம்ளர் பாயசத்துக்கு 20 கிராம் சீனி பிடிக்கும் என்றால், அதே இனிப்புக்குத் தனி எரித்ரிட்டால் கிட்டத்தட்ட 30 கிராம் வேண்டும். சோதனையில் கொடுத்த அதே அளவு! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 டிசம்பரில் விதித்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 கிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது நாளுக்கு 30 கிராம். இரண்டாவது டம்ளர் கேட்டால் வரம்பு தாண்டிவிடும்.

மாறாக, ஒரு சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் ஒரு கிராம் அளவுதான். அதை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் நாய் இருந்தால் அந்தப் பாக்கெட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். நாய்களுக்குச் சைலிட்டால் விஷம்.

இன்னொன்று, சீனியை மாற்றினாலும் அடை பிரதமனில் அரிசி அடை அப்படியேதான் இருக்கிறது. சுகர் அதனால் ஏறும். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டில் மைதா இருப்பதும் அதே மாதிரி.

பாக்கெட்டில் எதைப் பார்ப்பது?

பெயர் போடாமல் எண் மட்டும் இருக்கலாம். 968 எரித்ரிட்டால், 967 சைலிட்டால், 965 மால்டிட்டால், 420 சார்பிட்டால். 'பாலியால்' என்று பொதுவாகக் குறிப்பிட்டிருந்தாலும் இந்தக் குடும்பம்தான்.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் "எடை குறைக்கச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்பாதீர்கள்" என்று சொன்னதைப் பலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அந்தப் பரிந்துரை சர்க்கரை ஆல்கஹால்களைப் பற்றியது அல்ல. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பொடியைத் தினசரிப் பழக்கமாக்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஓணத்துக்கு எல்லாருக்கும் போல அரை டம்ளர் நிஜப் பாயசம் குடித்து, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே கேட்கலாம்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். சீனியை மொத்தமாக ஒழித்துவிட்டு இந்தப் பொடி மட்டும் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. இன்சுலின் போடுபவருக்குத் திடீரென 'லோ' ஆகி, வியர்த்து, கை நடுங்கும்போது எரித்ரிட்டால் கரைத்துக் கொடுத்தால் சுகர் ஏறாது. சுகர் ஃப்ரீ மிட்டாயும் உதவாது. அப்போது தேவை 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று ஸ்பூன் சாதாரணச் சீனி. அதை ஒரு டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.