குழந்தையின் ஏழாம் நாள் தலைமுடி, மீனில் உள்ள பாதரசத்தைப் பற்றி என்ன சொல்லும்?

"கடலெல்லாம் பாதரசம், கர்ப்பிணிகள் மீனைத் தொடவே கூடாது" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகளை வாசகர்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்டுப் பயந்து மீனை நிறுத்துபவர்களும் உண்டு. "எங்கட உம்மம்மா காலத்திலிருந்து தின்னுறம், என்ன நடந்தது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுபவர்களும் உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையைச் சுற்றியுள்ள தீவுகளில் மீன்தான் அன்றாடக் கறி. இறைச்சி விற்கும் விலையில் ஒரு கர்ப்பிணித் தாய்க்குக் கிடைக்கும் நல்ல புரதமும் அதுதான். ஆகவே இந்த விடயத்தில் பயமும் அலட்சியமும் இரண்டுமே ஆபத்தானவை. விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில், இதில் உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எமது பாடநூல்களில் இதற்கு இரசம் என்று பெயர். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் சோற்றுக்கு ஊற்றும் இரசத்தை நினைத்துச் சிரிப்பார்கள். அதனால் இங்கே பாதரசம் என்றே எழுதுகிறேன். உடைந்த வெப்பமானியில் இருந்து வெள்ளி முத்தாக உருளும் பாதரசத்தை விழுங்கினால்கூட உடல் மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதன் ஆவியைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. மீனில் இருப்பது இதுவல்ல. நிலக்கரி எரிப்பு, சிறு தங்கச் சுரங்கங்கள், எரிமலைகள் என்று பல வழிகளில் காற்றில் கலக்கும் பாதரசம் மழையோடு கடலில் இறங்குகிறது. ஒட்சிசன் குறைந்த சேற்றில் வாழும் பக்டீரியாக்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அதை நுண்ணுயிர்கள் உள்ளெடுக்க, அவற்றைச் சிறு மீன் தின்ன, சிறு மீனைப் பெரிய மீன் தின்ன, ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகிறது. நீரில் அளக்கவே கடினமான அளவில் இருந்த பொருள், பெரிய சுறாவின் தசையில் பல இலட்சம் மடங்காகச் சேர்ந்திருக்கும்.

இது கொழுப்பில் தங்குவதில்லை, தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பது. ஆகவே தோலை உரிப்பதாலோ, உப்பும் மஞ்சளும் போட்டு எத்தனை தடவை கழுவுவதாலோ, கொறுக்காய்ப்புளி போட்டுக் காய்ச்சுவதாலோ, பொரிப்பதாலோ அது போகாது. கருவாடாக்கினால் நீர் வற்றுவதால், எடைக்கு எடை பார்க்கும்போது பாதரசம் கூடும்.

இந்த விஷம் கருவறைக்குள்ளும் போகும் என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர், பட்டமேற்படிப்பு மாணவராக இருந்த ஓர் இளம் வைத்தியர். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலை பல வருடங்களாகக் கழிவு கொட்டியது. 1956 மே 1இல் அங்கே இனந்தெரியாத நரம்பு நோய் உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டது. 1959இல் குமமொட்டோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு சேதனப் பாதரசமே காரணம் என்றது. 1961இல் அதே பல்கலைக்கழகத்தில் நரம்பியல்-உளமருத்துவம் படித்துக்கொண்டிருந்த மசசுமி ஹரடா, மீனவர் வீடுகளுக்கு நேரே போனார். ஒரு வீட்டில் ஒரே மாதிரியான அறிகுறிகளோடு இரண்டு சகோதரர்கள். மூத்தவனுக்கு மினமாட்டா நோய், இளையவனுக்குப் பிறவி மூளைவாதம் என்று வைத்தியர்கள் சொன்னதாகத் தாய் கூறினார். காரணம் கேட்டபோது, இளையவன் மீனே தின்னவில்லையாம். ஆனால் அவனை வயிற்றில் சுமந்தபோது தானே அந்த மீனைத் தின்றதையும், அந்த நஞ்சுதான் பிள்ளைக்குப் போயிருக்க வேண்டும் என்று தான் நம்புவதையும் அந்தத் தாய் சொன்னார்.

நச்சுப் பொருட்களை நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்பதே அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. ஹரடா தாயின் பேச்சை நம்பி, அப்படிப்பட்ட பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் பதிவு செய்தார். 1962இல் 16 பிள்ளைகள் பிறவி மினமாட்டா நோயாளிகள் என ஏற்றுக்கொள்ளப்பட்டனர். ஜப்பானியக் குடும்பங்கள் குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சிறு பெட்டியில் ஞாபகமாக வைத்திருப்பது வழக்கம். பின்னாளில் அந்தக் கொடிகளை அளந்து பார்த்தபோது மெதைல் பாதரசம் அதற்குள் இருந்தது. ஒரு சமூகத்தின் சாதாரண வழக்கமே சாட்சியாக வந்து நின்றது. படித்தவர்களுக்கு முன்பே ஒரு மீனவத் தாய் சரியாகச் சொன்னாள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய விடயம்.

அடுத்த பெரிய பாடம் ஈராக்கில் இருந்து வந்தது. 1971 இறுதியில், விதைப்பதற்காக இறக்குமதி செய்து பங்கிட்ட கோதுமையும் பார்லியும் பூஞ்சணத்தைத் தடுக்க மெதைல் பாதரசம் பூசப்பட்டவை. எச்சரிக்கை மூட்டைகளில் இருந்தது, ஆனால் அந்த மக்கள் வாசிக்கும் மொழியில் இல்லை. சிவப்புச் சாயத்தைக் கழுவியதும் நஞ்சும் போய்விட்டது என்று நினைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். வைத்தியசாலைகளில் சேர்ந்தவர்கள் 6,530 பேர், அங்கே இறந்தவர்கள் 459 பேர். அப்போது ஆய்வாளர்கள் பெண்களின் நீண்ட கூந்தலை எடுத்தார்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் வளரும். இரத்தத்தில் இருக்கும் பாதரசம் வளரும் முடியில் பதிந்துவிடும். கூந்தலைச் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக வெட்டி அளந்தால், எந்த மாதம் எவ்வளவு நஞ்சு உடலுக்குள் போனது என்பதை நாட்குறிப்பு மாதிரி வாசிக்கலாம்.

நாம் தின்னும் மீன் அந்த அளவுக்கு நஞ்சல்ல. கணக்கைப் பார்த்தால் புரியும். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு வைத்த எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். 50 கிலோ எடையுள்ள தாய்க்கு வாரத்துக்கு 80. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சராசரிகளின்படி ஒரு கிலோ சுறாவில் 0.98 மில்லிகிராம், வாள்மீனில் ஏறக்குறைய 1 மில்லிகிராம், சூடை இனத்தில் 0.013, நெத்தலி இனத்தில் 0.016. 150 கிராம் பெரிய சுறாத் துண்டு ஒன்றிலேயே 147 மைக்ரோகிராம், அதாவது ஒரு வாரத்துக்கான அளவு போல இரு மடங்குக்குக் கிட்ட. அதே 150 கிராம் சூடையில் 2 மைக்ரோகிராம்தான். வாரம் முழுக்கச் சூடைச் சொதி வைத்தாலும் எல்லைக்குக் கிட்டவே போகாது. இலங்கையில் இருந்து ஏற்றுமதியான வாள்மீன்கள் பாதரசம் கூடியதற்காக ஐரோப்பிய ஒன்றியத்தில் தடுக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. அங்கே பரிசோதிக்க ஆய்வுகூடம் இருக்கிறது, இங்கே சந்தையில் துண்டு வாங்கும் தாய்க்குத் தராசு மட்டும்தான் இருக்கிறது.

பால்சுறாவைப் பற்றிக் கேட்பீர்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறச் சுறா வறை கொடுப்பது தீவகத்தில் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான பழக்கம். பால்சுறா ஒரு மீற்றர் அளவில் நின்றுவிடும் சிறிய இனம், ஆளை விடப் பெரிய சுறாக்களோடு சேர்த்து எண்ண வேண்டியதில்லை. மெதைல் பாதரசம் தாய்ப்பாலில் போவதைவிட நஞ்சுக்கொடி வழியாகவே அதிகம் போகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிடக் கூடுதலாகவே அது இருக்கும். ஆகவே கவனம் முதலில் தேவைப்படுவது கர்ப்ப காலத்தில். இந்தப் பயத்தில் யாரும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. உடலில் சேர்ந்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாட்கள் எடுக்கும் என்பதால், கலியாணம் முடித்து பிள்ளையை எதிர்பார்க்கும் பெண்களும் பெரிய சுறா, தளபத், வாள்மீன் போன்றவற்றைக் கொஞ்சக் காலம் விட்டுவைப்பது நல்லது. சூடை, நெத்தலி, இறால், சின்ன மீன்கள் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். வாரக்கணக்கில் மீனே இல்லாமல் இருப்பதுதான் பிள்ளையின் மூளைக்கு நட்டம்.

மணப்பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளையாக்கும் கிரீம்கள் சிலவற்றில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் பாதரசம் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கலோமெல், மெர்குரஸ் குளோரைட் என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். ஒன்றுமே எழுதியிராத டப்பாவை அதைவிட முதலில் ஒதுக்குங்கள்.

இனி என் கருத்து. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துப் பல்கலைக்கழகம் போகும் எமது பிள்ளைகள் பட்டமேற்படிப்புக்கு வரும்போது தலைப்புத் தேடி அலைவதைப் பார்க்கிறேன். ஒரு தலைப்பு எமது வீடுகளிலேயே இருக்கிறது. குழந்தை பிறந்த ஏழாம் நாள் தலைமுடி களைகிறோம். அந்த முடி கருவறையின் கடைசி மாதங்களில் வளர்ந்தது. அந்த மாதங்களில் தாயின் உடலில் இருந்த பாதரசம் அதில் பதிந்திருக்கும். பிறந்த குழந்தையின் முடியை இப்படி அளப்பது உலகில் புதிய முறையுமல்ல. இன்றைய கருவிகளுக்குச் சில மில்லிகிராம் முடியே போதும். பலர் முடியை நிறுத்து அந்த எடைக்கு வெள்ளியின் பெறுமதியைச் சதகா செய்கிறார்கள், ஆக நிறுக்கும் வேலையும் வீட்டிலேயே நடக்கிறது. பிறகு அது புதைக்கப்படுகிறது. புதைக்கும் முன் ஒரு சிறு பகுதியைப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு உறையில் போட்டு, தாய் எந்த மீனைக் கிழமைக்கு எத்தனை முறை தின்றார் என்று கேட்டு எழுதினால் அது ஓர் ஆய்வு. மார்க்க ரீதியாகச் சந்தேகம் இருந்தால் மௌலவிமாரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கட்டாயம்.

தீவகத்தில் ஒரு குழு, நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கிட்ட கற்பிட்டி, புத்தளம் பக்கம் இன்னொரு குழு என்று ஒப்பிட்டால் இன்னும் பயன். அங்கே 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட எமது குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் பிறக்கிறார்கள். கேள்விக்கொத்தைத் தயாரிக்கும் மாணவருக்கு அறக்குளாவும் பாரையும் விளைமீனும் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு உம்மாவிடம் கேட்டால் பிழையான விடைதான் வரும். இலங்கை 2017இல் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்திய நாடு. இப்படியான தரவுக்கு வேலையும் இருக்கிறது. முடிவுகள் ஆங்கிலச் சஞ்சிகையில் வருவதற்கு முன்னரோ பின்னரோ, தமிழில் ஒரு பக்கமாக எழுதி, கிளினிக்கில் தாய்மாரைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரின் கையிலும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் போய்ச் சேர வேண்டும்.