பெயர் சொல்லாத புரட்சி: 19ஆம் நூற்றாண்டு போலந்து நாவல்களை ஆய்வாளர்கள் எப்படி வாசிக்கிறார்கள்?

1878, வார்சா நகரம். ஒரு உணவகத்தில் சிலர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். போர்முனைக்குப் போய்ப் பணம் சம்பாதிக்கக் கிளம்பிவிட்ட கடை முதலாளி ஒருவர்தான் பேச்சில் அடிபடுகிறார். படிப்பைப் பாதியில் விட்டவர், மற்றவர்களோடு சேர்ந்து ஒரு பீர் காய்ச்சினார், அதை நாம் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறோம், கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தது இர்குட்ஸ்க் பக்கம் என்று ஒருவர் போகிறபோக்கில் சொல்கிறார்.

இர்குட்ஸ்க் இருப்பது சைபீரியாவில். பீர் காய்ச்சினதுக்கா சைபீரியா?

இது போலெஸ்லாவ் புரூஸ் எழுதிய ‘லால்கா’ நாவலின் முதல் அத்தியாயம். ‘லால்கா’ என்றால் போலிஷ் மொழியில் பொம்மை. 1887 முதல் 1889 வரை வார்சா நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1890-ல் புத்தகமானது. அந்த ‘பீர்’, 1863 ஜனவரியில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வெடித்த ஆயுத எழுச்சி. நாவலின் ஹீரோ வோகுல்ஸ்கி அதில் கலந்துகொண்டு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர். ஆனால் அந்த எழுச்சியை நாவல் வெளிப்படையாக விவரிப்பதே இல்லை.

ஏன் சொல்ல முடியவில்லை?

1772, 1793, 1795 என மூன்று தவணையாக போலந்தை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. சுதந்திர நாடாக அது திரும்பி வந்தது 1918-ல்தான். வார்சா இருந்தது ரஷ்யாவின் பிடியில். 1863 எழுச்சி தோற்றதும் தூக்குத் தண்டனை, சைபீரியா, பள்ளிகளில் ரஷ்ய மொழி என அடக்குமுறை இறுகியது. பத்திரிகையோ புத்தகமோ, அச்சுக்குப் போகும் முன்பே சென்சார் அதிகாரியின் மேஜைக்குப் போக வேண்டும்.

புரூஸுக்கு இது சொந்தக் காயமும்கூட. பள்ளி மாணவராக இருந்தபோதே எழுச்சியில் சேர்ந்து, சண்டையில் காயம்பட்டு, சிறைக்கும் போனவர் அவர்.

துப்பாக்கியால் முடியாததைப் பள்ளிக்கூடம், தொழில், அறிவியல் மூலம் சாதிப்போம் என்று அந்தத் தலைமுறை திரும்பியது. இதற்கு ‘வார்சா பாசிட்டிவிசம்’ என்று பெயர். அவர்கள் கையில் எடுத்த இலக்கிய வடிவம் யதார்த்தவாத நாவல். சிக்கல் இங்கேதான். சமூகத்தை உள்ளது உள்ளபடி காட்டுவதுதான் யதார்த்தவாதம். ஆனால் அந்தச் சமூகத்தை உலுக்கிய மிகப்பெரிய நிகழ்வைத் தொடக்கூடாது!

அப்போ எப்படித்தான் எழுதினார்கள்?

சென்சார் கண்ணில் படாமல், வாசகருக்கு மட்டும் புரியும்படி எழுதும் இந்த முறையை ஆய்வாளர்கள் ‘ஈசாப் மொழி’ என்கிறார்கள். பீர் காய்ச்சியது ஒரு உதாரணம். இன்னும் இரண்டைப் பார்க்கலாம்.

ஒன்று, வேறு நாட்டுப் போர். ‘லால்கா’வில் ஜெட்ஸ்கி என்ற வயதான கடைச் சிப்பந்தி ரகசியமாக டைரி எழுதுகிறார். 1848-49 ஹங்கேரி புரட்சியில் தான் சண்டை போட்ட கதையை விலாவாரியாகச் சொல்பவர், சொந்த ஊரின் 1863 வரும்போது மட்டும் சுற்றி வளைத்து, பாதியில் நிறுத்திக்கொள்கிறார். அந்த வித்தியாசமே வாசகருக்கு ஒரு சைகை.

இரண்டு, கல்லறை. எலீசா ஒஷெஷ்கோவாவின் ‘நியேமன் கரையில்’ நாவலில் (1888-ல் புத்தகமானது) காட்டுக்குள் ஒரு கூட்டுப் புதைமேடு வருகிறது. பெரிய பண்ணை வீட்டு ஆளும், கையால் உழுது பிழைக்கும் ஆளும் ஒரே குழியில் கிடக்கிறார்கள். எப்படி இறந்தார்கள் என்பதை வாசகர்தான் புரிந்துகொள்ள வேண்டும். மேலே உயிரோடு இருக்கும் இரண்டு குடும்பங்களோ வழக்காடிக்கொண்டு முகம் பார்ப்பதில்லை.

ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்களா?

இல்லை. ஒரே ‘லால்கா’வை ஆளுக்கொரு விதமாக வாசிக்கிறார்கள்.

சமூகச் சீரழிவின் பின்னணியில் போலந்தின் லட்சியவாதிகளைக் காட்டுவதே தன் நோக்கம் என்று புரூஸ் பின்னாளில் எழுதினார். ஸிக்முன்ட் ஷ்வெய்கோவ்ஸ்கி போன்ற ஆய்வாளர்கள் இந்த வழியில் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-ல், யான் காட் மார்க்சியப் பார்வையில் இதை அணுகினார். அவருக்கு வோகுல்ஸ்கியின் கதை, முதலாளித்துவம் முளைவிடும் காலத்தின் கதை. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஓல்கா டோகார்சுக் 2001-ல் வெளியிட்ட சிறு நூலில், அரசியலைத் தள்ளிவைத்து, தன்னைத் தேடும் ஒரு மனிதனின் உள்பயணமாக இதைப் பார்த்தார். பெண்ணிய வாசிப்பு வேறு கேள்வி கேட்கிறது: வோகுல்ஸ்கி உருகி உருகிக் காதலிக்கும் இஸபெலா உண்மையிலேயே உணர்ச்சியற்ற பொம்மையா, இல்லை நொடித்துப்போன பிரபுக் குடும்பம் கல்யாணச் சந்தையில் நிறுத்தும் பெண்ணா?

இதனால் யாருக்கு என்ன?

பெரிய விஷயம் இதில் இருக்கிறது. எல்லா மௌனத்துக்கும் 1863 என்ற ஒரே சாவியைப் போட்டுத் திறந்தால், வேறு மௌனங்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

ஹென்ரிக் ஷ்லாங்பாம் என்ற யூதரைப் பாருங்கள். அவரும் எழுச்சியில் இருந்தவர். வோகுல்ஸ்கியைப் போலவே சைபீரியாவை அனுபவித்தவர். அதாவது, அதே பீரைக் காய்ச்சியவர். ஆனால் திரும்பி வந்து வோகுல்ஸ்கியின் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும், யூதர் என்பதற்காகவே சக ஊழியர்கள் அவரைக் கிண்டல் செய்கிறார்கள். நகரத்தில் யூத வெறுப்பு ஏறிக்கொண்டே போவதை ஜெட்ஸ்கியின் டைரி பதிவு செய்கிறது. கடைசியில் அந்தக் கடையே ஷ்லாங்பாம் கைக்கு வரும்போது, ஒதுக்கப்பட்ட மனிதர் கசந்து போயிருக்கிறார்.

சென்சார் தடுத்த மௌனம் ஒன்று. சமூகமே விரும்பிக் கடைப்பிடித்த மௌனம் இன்னொன்று. முதலாவதை உடைத்தால் தேசபக்திப் பெருமை கிடைக்கும். இரண்டாவதை உடைத்தால் ‘தேசம்’ என்பதில் யாரையெல்லாம் சேர்த்தோம் என்ற சங்கடமான கேள்விதான் மிஞ்சும். புரூஸ் இரண்டையும் ஒரே கடைக்குள் வைத்திருக்கிறார்.

நாவலின் முடிவும் இதே மாதிரிதான். வோகுல்ஸ்கி காணாமல் போகிறார். ஒரு பழைய கோட்டை இடிபாட்டில் வெடிச்சத்தம். செத்தாரா, பிழைத்தாரா? நாவல் சொல்லாது. வாசகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வார்சாவில் வோகுல்ஸ்கிக்கும் ஜெட்ஸ்கிக்கும், நிஜ மனிதர்களைப் போலவே, ‘இங்கே வாழ்ந்தார்’ என நினைவுப் பலகையே வைத்திருக்கிறார்கள்!

எங்கிருந்து தொடங்கலாம்?

‘லால்கா’ டேவிட் வெல்ஷின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘தி டால்’ என்ற பெயரில் கிடைக்கிறது. புத்தகம் கொஞ்சம் தடிமன்தான். முதலில் படமாகப் பார்க்க நினைத்தால் வோய்ச்செக் ஹாஸ் இயக்கிய 1968 திரைப்படம் இருக்கிறது. புத்தகம் படிப்பவர்களுக்கு ஒரே ஒரு டிப்ஸ்: ஜெட்ஸ்கியின் டைரிப் பக்கங்களில் அவசரப்படாதீங்க. அவர் எந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறார் என்று கவனியுங்க.