அஞ்சனக்கல்லின் அருமையும் ஆபத்தும்

தர்மபுரி ஜில்லாவில் அரூரிலிருந்து ஊத்தங்கரைப் பக்கமாக நீளும் பாறைப் பிரதேசத்தில், வெண்படிகக் கீற்றுகளினூடே ஈயம்போல் மினுக்கும் மாலிப்டினைட் கிடைப்பதையும், அதன் உலோகமாகிய மாலிப்டினத்தை 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு 30 முக்கியக் கனிமங்களுள் ஒன்றாகச் சேர்த்ததையும் அறிந்தவர்களிற் பலர், அதே பட்டியலில் அடங்கிய ஆன்டிமனியைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

உலோகத்துக்கும் அலோகத்துக்கும் நடுவே நிற்கும் இப்பதார்த்தம், பார்வைக்கு வெள்ளியை ஒத்திருந்தும், சம்மட்டியால் அடித்தால் தகடாகாமல் பொடிந்துவிடும். கந்தகத்தோடு கூடி ஊசிப் படிகங்களாக விளையும் இதன் கரிய தாதுவே ஸ்டிப்னைட். நம் சித்த வைத்தியர் அஞ்சனக்கல் என்பதும் அதையே. ஹிமாசலப் பிரதேசத்தில், லாஹௌலைச் சேர்ந்த பாரா ஷிக்ரி பனியாற்றின் அருகே அது உண்டு. பனி மூடிய அவ்வுயரத்தில் வெட்டியெடுப்பதுதான் பிரயாசை.

தனித்து நின்றால் உதவாத ஆன்டிமனி, மெதுவான காரீயத்தோடு சேர்ந்ததும் அதற்கு உறுதியளிக்கிறது. லாரி பாட்டரியின் தகடுகளும், முன்னாளில் அச்சுக்கோப்பவர் பொறுக்கிய ஈய எழுத்துகளும் இக்கலப்பின் பயனே. இதன் ஆக்ஸைடு பிளாஸ்டிக்கில் தீப் பரவுவதைத் தடுக்கிறது. பாலியெஸ்டர் நூல் உற்பத்தியிலும் உதவுகிறது. அளவு மிஞ்சினால் விஷமாகும் இதைக்கொண்டே கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆக்கிய யூரியா ஸ்டிபமைன், 1920-களில் காலா அசார் என்னும் கொடிய ஜுரத்திலிருந்து எண்ணற்றோரைக் காப்பாற்றியது.

சிவகாசிப் பட்டாசில் வெள்ளொளி தந்துவந்த ஆன்டிமனி சல்பைடையோ, 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம், காரீயம், பாதரசம் முதலியவற்றோடு சேர்த்து விலக்கிவிட்டது. அரசு அருமையென்று போற்றும் பொருளை நீதிமன்றம் விலக்குவது முரணாகத் தோன்றலாம். பாட்டரிக்குள் அடங்கிக் கிடப்பது வேறு, புகையாகிக் குழந்தைகளின் சுவாசத்தில் கலப்பது வேறு என்பதால், இரண்டு தீர்மானமும் நியாயமே என்பது என் கருத்து. ஆன்டிமனியின் அருமைக்குச் சான்றாக, சீனா 2024 செப்டம்பரில் அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின், உலகச் சந்தையில் விலை பன்மடங்காயிற்று.

இங்கே தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கண்ணில் தீட்டச் சுருமா என்று கடைகளில் விற்கும் கரும்பொடி பெரும்பாலும் அஞ்சனக்கல்லே அன்று. காரீயமும் கந்தகமும் கூடிய கலீனா. காரீயம் உடலில் சேர்ந்தால் இளம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி குன்றும். ஆகையால் அப்பொடியைக் குழந்தையின் கண்ணில் தீட்டாதிருங்கள்.