வழி சொல்லும் கருவி! சாட்சி சொல்லும் கண்!

ஊர் பேர் தெரியாத சாலை. நடுநிசி நேரம். முன்னால் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடதா, வலதா?

முன்பு என்றால் டீக்கடை ஏதாவது திறந்திருக்கிறதா என்று பார்ப்போம். "அண்ணே, திருச்சிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்போம். இப்போது காருக்குள் இருந்தே ஒரு குரல் கேட்கிறது. "200 மீட்டரில் இடது புறம் திரும்பவும்" என்கிறது. அதுவும் நல்ல தமிழில்!

வழி சொல்ல ஒரு கருவி. வழியில் நடந்ததை எல்லாம் படம் பிடிக்க இன்னொரு கருவி. இந்த இரண்டாவது கருவிக்கு "டேஷ்கேம்" என்று பெயர். கார் வைத்திருக்கும் குடும்பங்கள் இவற்றைத் தேடிக் கடைக்குப் போகின்றன. ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிற காரியம். எதை வாங்கலாம்? எந்த அளவுக்கு நம்பலாம்?

வானத்தில் கடிகாரம்

நாம் நிற்கும் இடம் அந்தச் சின்னக் கருவிக்கு எப்படித் தெரிகிறது?

பூமிக்கு மேலே சுமார் 20 ஆயிரத்து 200 கிலோ மீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இங்கே இருக்கிறேன். இப்போது மணி இத்தனை" என்று அது ஓயாமல் சேதி அனுப்புகிறது. அந்தச் சேதி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கருவி கணக்குப் போடுகிறது. 4 கோள்களின் சேதி கிடைத்தால் போதும். நாம் இருக்கும் இடம் சில மீட்டருக்குள் தெரிந்து விடும். இதுதான் ஜி.பி.எஸ்.

இது ராணுவத்துக்காகச் செய்தது. பொது மக்கள் கைக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு.

1983-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி, தென் கொரியாவின் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி ரஷிய எல்லைக்குள் புகுந்து விட்டது. ரஷியப் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 269 பேரும் மாண்டார்கள். உலகமே பதறியது. அதன் பிறகுதான் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், இந்த ஏற்பாடு முடிந்ததும் பொது மக்களும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார்.

அப்போதும் முழு மனதோடு கொடுக்கவில்லை. பொது மக்களுக்கு வரும் சேதியை வேண்டும் என்றே கொஞ்சம் குழப்பி அனுப்பினார்கள். 100 மீட்டர் வரை இடம் தப்பும்! 2000-ம் ஆண்டு மே மாதம்தான் அந்தக் குழப்பத்தை நிறுத்தினார்கள். இன்று ஆட்டோ டிரைவர் கையிலும் அது வேலை செய்கிறது என்றால் அதுதான் காரணம்.

பாலம் எங்கே?

கோள் சொல்வது ஒன்றே ஒன்று. "நீ இங்கே இருக்கிறாய்." அவ்வளவுதான். அங்கே சாலை இருக்கிறதா, குளம் இருக்கிறதா என்று சொல்வது கோள் அல்ல. கருவியில் உள்ள வரைபடம். அந்த வரைபடம் பழசாக இருந்தால்?

உத்தரப்பிரதேச மாநிலத்தில் பரேலி பக்கம், ராமகங்கை ஆற்றின் மேல் ஒரு பாலம். முன்பு வந்த வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி அடித்துக் கொண்டு போய் விட்டது. வரைபடத்திலோ பாதை முழுசாக இருந்தது! 2024-ம் ஆண்டு நவம்பரில் ஒரு கார் அந்தப் பாலத்தில் ஏறி, பாதியில் ஆற்றுக்குள் விழுந்தது. உள்ளே இருந்த 3 பேரும் பரிதாபமாக இறந்தார்கள். வழி சொல்லும் கருவியை நம்பி வந்திருக்கிறார்கள் என்று போலீசார் கூறினார்கள்.

அதற்கு முந்தின ஆண்டு அக்டோபரில், கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டத்தில் நள்ளிரவில் கொட்டும் மழை. 5 பேர் வந்த கார் ஆற்றுக்குள் இறங்கி விட்டது. 2 இளம் டாக்டர்கள் உயிர் இழந்தார்கள். அவர்களும் கருவியைப் பார்த்து வந்தவர்கள் என்றே செய்தி வந்தது.

நம் கூடலூரில் 2024 ஜனவரியில் நடந்தது கொஞ்சம் வேடிக்கை. கருவி சொன்னபடி வந்த கார், ஜனங்கள் நடந்து போகிற படிக்கட்டில் இறங்கி மாட்டிக் கொண்டது. நல்ல வேளை, உயிருக்கு ஆபத்து இல்லை.

எது நல்லது?

வழி சொல்லத் தனிக் கருவி வேண்டுமா? பெரும்பாலான குடும்பங்களுக்கு வேண்டாம். கையில் இருக்கிற செல்போன் போதும். போனில் வரைபடம் அடிக்கடி புதுசாகிறது. எங்கே நெரிசல் என்றும் சொல்கிறது. தனிக் கருவியில் வரைபடத்தை நாமாகத்தான் புதுப்பிக்க வேண்டும். அதையும் மீறி வாங்கினால், "புது வரைபடம் எத்தனை வருஷத்துக்கு இலவசம்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். காரோடு வருகிற பெரிய திரைக்கும் இதே கேள்விதான்.

போன் என்றால் அதைப் பிடிக்கும் தாங்கி நல்லதாக வாங்குங்கள். கையில் பிடித்துக் கொண்டு ஓட்டக் கூடாது. 2020 அக்டோபரில் வந்த விதிப்படி, ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும்தான் பயன்படுத்தலாம். அதுவும் டிரைவரின் கவனம் கலையாமல்!

கொடைக்கானல், வால்பாறை என்று மலைக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்பே வீட்டில் வைத்து அந்தப் பகுதியின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக் கொள்ள வேண்டும். மலையில் டவர் கிடைக்காமல் போகலாம். கோளின் சேதிக்கு டவர் வேண்டியதில்லை, வரைபடத்துக்குத்தான் வேண்டும். இன்னொன்று: கார் படம் போட்ட வழியா, பைக் படம் போட்ட வழியா என்று பாருங்கள். பைக் போகும் சந்தில் கார் போகுமா?

கத்திப்பாரா மாதிரி மேம்பாலங்களில் கருவி சில சமயம் திணறும். நீங்கள் பாலத்தின் மேலே இருக்கிறீர்களா, கீழே இருக்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது. திருப்பத்தைத் தவற விட்டால் நேராகப் போய்க் கொண்டே இருங்கள். புது வழி அதுவே சொல்லும். பெரிய சாலையில் பின்னால் காரை எடுத்து வருகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பொய் சொல்லாத சாட்சி

இனி காமிராவுக்கு வருவோம்.

விபத்து நடந்தால் கூட்டம் கூடும். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரிய வண்டி மேல்தான் தப்பு என்பது ஊர் வழக்கம். அப்போது, "இதோ பாருங்கள்" என்று காட்ட ஒரு படம் இருந்தால் எப்படி இருக்கும்!

ரஷியாவில் இந்தக் காமிரா பரவியதற்கு அதுதான் காரணம். பணம் பறிக்க வேண்டும் என்றே கார் முன்னால் வந்து விழும் ஆசாமிகள் அங்கே இருந்தார்கள். 2013 பிப்ரவரி 15-ந் தேதி செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. காலையில் வேலைக்குப் போய்க் கொண்டிருந்த கார்களில் எல்லாம் அது பதிவாகி விட்டது. அந்தப் படங்களை வைத்தே விண்கல் வந்த பாதையை விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்!

நமக்கு விண்கல் வேண்டாம். நம்பர் பிளேட் தெரிந்தால் போதும்.

பெட்டியின் மேல் "4 கே" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 4 கே படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். "1080" என்று போட்ட படத்தில் சுமார் 20 லட்சம். புள்ளி கூடினால் படம் தெளிவுதான். ஆனால் கார்டு சீக்கிரம் நிறையும். விலையும் ஏறும். பகலில் 1080 போதும் என்பது என் அபிப்பிராயம். இரவில் எப்படி எடுக்கிறது என்பதே பெரிய விஷயம்.

அதை விடப் பெரிய விஷயம் வெயில். நம் ஊர் வெயிலில் கதவை மூடி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். சாதாரண பேட்டரி உள்ள காமிரா அதில் உப்பிப் போகும். பேட்டரிக்குப் பதிலாக "கெபாசிட்டர்" வைத்த காமிராக்கள் உண்டு. சூட்டை நன்றாகத் தாங்கும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பலர் இதைக் கேட்பதே இல்லை!

அடுத்தது கார்டு. காமிரா ஓயாமல் எழுதும். இடம் நிறைந்தால் பழசை அழித்து அதன் மேல் எழுதும். போனில் போடும் மலிவுக் கார்டு இந்த வேலைக்கு நீண்ட நாள் தாங்காது. இதற்கென்றே அதிக உழைப்புக் கார்டு விற்கிறது. அதை வாங்குங்கள். கார்டு கெட்டிருந்தால் விபத்து நடந்த அன்றுதான் தெரிய வரும்.

காமிராவைக் கண்ணாடியின் நடுவில், பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஓட்டுகிறவர் பார்வையை மறைக்கக் கூடாது. நிறுத்திய காரையும் காவல் காக்கிற காமிரா வேண்டுமா? அது கார் பேட்டரியில் இருந்து மின்சாரம் இழுக்கும். பேட்டரி இறங்கினால் தானே நின்று விடும் சாதனத்தோடு பொருத்தச் சொல்லுங்கள். ஒயரை வெட்டினால் காரின் கியாரண்டி என்ன ஆகும் என்று கம்பெனி பட்டறையில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

சில காமிராக்கள் காருக்குள் பேசுவதையும் பதிவு செய்யும். மாமியாரைப் பற்றிப் பேசியதும் அதில் இருக்கும்! வேண்டாம் என்றால் ஒலியை மட்டும் நிறுத்தி விடலாம். இந்தச் சாட்சி நம் தப்பையும் காட்டும் என்பதை ஓட்டுகிறவர் மறக்க வேண்டாம்.

கோர்ட்டுக்குப் போனால்?

விபத்து நடந்தால் முதலில் அடிபட்டவரைக் கவனியுங்கள். பிறகு காமிராவை நிறுத்திக் கார்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எடுக்காமல் ஓட்டிக் கொண்டே இருந்தால், அந்தப் படத்தின் மேலேயே புதுப் படம் எழுதப்பட்டு விடலாம். பிரதி எடுத்துக் கொண்டு அசலை வெட்டாமல், ஒட்டாமல் வைத்திருங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில், இந்த மாதிரிப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கப்பட்டிருக்கிறது. அதைத் தயார் செய்ய வக்கீல் உதவுவார். காமிராவில் தேதி தவறாக இருந்தால் எதிர்க்கட்சி வக்கீல் அதையே பிடித்துக் கொள்வார். ஆகவே, வாங்கிய அன்றே தேதியையும் மணியையும் சரியாக வையுங்கள்.

கடைக்குப் பகலில் போகாதீர்கள். விளக்கு வைத்த பிறகு போங்கள். காமிராவை வாசலுக்குக் கொண்டு வரச் சொல்லி, எதிர்ப் பக்கம் நிற்கிற மோட்டார் சைக்கிளைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் நம்பரை உங்களால் படிக்க முடிகிறதா? முடிந்தால் பணத்தை எடுங்கள்.