பூட்டும் மாதிரிப் பூட்டும்

அடுகோடியில் குடியிருக்கும் நமக்குக் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை பக்கந்தான். பரிசோதனைச் சீட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று கண்டவர்கள், "அது என்னங்க?" என்று என்னிடம் கேட்பதுண்டு.

அது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிப் புரதம். ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சிக் காரணி என்னும் சாவி அதில் பொருந்தினால், 'பெருகு' என்று செல்லுக்குள் செய்தி போகும். வாய், தொண்டைப் புற்றுநோய்களில் இந்தப் பூட்டு பெரும்பாலும் அளவுக்கு மீறி இருக்கும். பூட்டை அடைத்தால் அந்தச் செய்தி நிற்கும். அப்படி அடைக்கும் நிமோட்டுசுமாப் என்ற மருந்தை நம் பெங்களூர் பயோகான் நிறுவனம் 2006இல் இந்தியாவில் வெளியிட்டது.

இத்தகைய மருந்து சரியாகப் பொருந்துமா என்று நோயாளி உடம்பிலா முதலில் பார்ப்பது? மனித மரபணுவை ஆய்வகச் செல்களுக்குள் புகுத்தி, பூட்டின் வெளிப்பகுதியை மட்டும் உண்டாக்கிச் சுத்திகரிக்கிறார்கள். அந்த மறுசேர்க்கைப் புரதத்தில்தான் முதல் சோதனை.

எனவே குப்பியில் வரும் ஏற்பிப் புரதம் சோதனைக்கான மாதிரிப் பூட்டு. அதை மருந்தென்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.