"வயசானா சரியாயிடும்" என்று காத்திருக்கலாமா? எளாவூர் ஏரிக்கரை தாய்மார்கள் கவனத்துக்கு!

பழவேற்காடு ஏரியில் இறால் எப்போது வரும், எந்தக் காற்றுக்கு வலை போடலாம் என்று மீனவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பருவம் தவறினால் வலை காலி!

குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு. அது முதல் 3 ஆண்டுகள். அதற்குள் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 80 சதவீதம் வளர்ந்துவிடுகிறது. கை, கால், பேச்சு, புத்தி எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் போடும் காலம் இதுதான்.

ஆனால் நடப்பது என்ன? குழந்தை உட்காரவில்லை, பேசவில்லை என்று தாய் கவலைப்பட்டால், "அவங்க அப்பாகூட லேட்டாத்தான் பேசினாரு, வயசானா சரியாயிடும்" என்று வீட்டில் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போதுதான் விஷயம் தெரிகிறது. அதற்குள் 5 வயது ஆகிவிடுகிறது!

எது தாமதம்?

எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் நடந்துவிடாது. முன்னே பின்னே இருக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட 5 நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து, 2006-ம் ஆண்டு கணக்கு வெளியிட்டது. கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் ஒன்பதே கால் மாதத்துக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்துவிட்டன. பதினேழரை மாதத்துக்குள் தனியாக நடந்துவிட்டன.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை:

3 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையா? 5 மாதத்தில் தலை நிற்கவில்லையா? ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லையா? 2 வயதில் "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லையா? உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால், எந்த வயதாக இருந்தாலும் காத்திருக்கவே கூடாது.

ஒரு பென்சில் போதும்!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் குழந்தைகள் வளர்ச்சி மையத்தில் ஓர் அட்டவணை தயாரித்தார்கள். 2 வயது வரை குழந்தை செய்ய வேண்டிய 17 காரியங்கள் அதில் உள்ளன.

குழந்தையின் வயதுக்கு நேராக அட்டவணையில் பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் இருக்கும் காரியங்களைக் குழந்தை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்யாவிட்டால் மேல் பரிசோதனை. ஒரு பென்சில், ஒரு சாவிக்கொத்து, சில நிமிடங்கள். அவ்வளவுதான்!

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன லாபம்?

தைராய்டு சுரப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே மாத்திரை தொடங்கினால், மூளை பாதிப்பைத் தடுக்கலாம். காது கேளாத குழந்தையை 3 மாதத்துக்குள் கண்டுபிடித்து, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கெடு. காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்?

எல்லாக் குழந்தையும் முழுசாகக் குணமாகிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மூளை முடக்குவாதத்துக்கு மாத்திரை கிடையாது. ஆனால் சீக்கிரம் பயிற்சி தொடங்கினால், தானாகச் சாப்பிடவும், உட்காரவும், தன் தேவையைச் சொல்லவும் பழக்க முடியும். ஒரு குடும்பத்துக்கு அது சின்ன விஷயமா?

வண்டி ஊருக்கே வருகிறது

மத்திய அரசின் சிறார் நலத்திட்டம் 2013-ம் ஆண்டு தொடங்கியது. இதன்படி நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும், அரசு பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்ப கால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை மருத்துவர், இயன்முறை பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த மையத்தின் நோக்கம். கட்டணம் கிடையாது.

இங்கேதான் எளாவூர்க்காரர்களுக்குச் சிக்கல்! மாவட்டத்தின் வடகிழக்கு மூலை எளாவூர். தலைநகரம் திருவள்ளூர். ரெயிலில் போவதென்றால் சென்னைக்கு வந்து வேறு மார்க்கத்தில் மாற வேண்டும். ஏரிக்கரை குப்பத்தில் இருந்து முதலில் எளாவூருக்கோ ஆரம்பாக்கத்துக்கோ வந்து சேரவேண்டும். இடுப்பில் நடக்காத பிள்ளை. கூட வருகிறவருக்கு அன்றைய பாடு போச்சு!

பயிற்சியோ ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. வாரா வாரம், மாதக்கணக்கில் போக வேண்டும். இரண்டு முறை போய்விட்டு நின்றுவிட்டால் பலன் ஏது?

ஆய்க்குடி காட்டும் வழி

இதற்கு வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ம் ஆண்டு அமர் சேவா சங்கத்தை எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கினார். கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர் இவர். 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்தச் சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போகிறார்கள். பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று தாய்க்கே கற்றுத் தருகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைக்கணினியில் பதிவு செய்கிறார்கள். நிபுணர்கள் அதைப் பார்த்து யோசனை சொல்கிறார்கள்.

இதில் சூட்சுமம் ஒன்றுதான். நிபுணர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்ப்பார். தாய் நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்கிறாள். குளிப்பாட்டும்போதும், சோறு ஊட்டும்போதும், விளையாடும்போதும் பயிற்சி நடந்துகொண்டே இருக்கும். ஆய்க்குடியில் முடிந்தது ஏரிக்கரையில் ஏன் முடியாது?

முதலில் யாரிடம் போவது?

சந்தேகம் வந்தால் முதலில் அங்கன்வாடி ஊழியரிடமோ, கிராம சுகாதார நர்சிடமோ சொல்லலாம். மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியிலேயே கண்டறிந்து உதவ மத்திய அரசு 2023 நவம்பரில் தனி வழிமுறையே வெளியிட்டிருக்கிறது. "மருத்துவக் குழு வண்டி எப்போ வருது?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

ரெயிலேறிச் சென்னைக்கு வர முடிந்தவர்களுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு மறுவாழ்வு நிறுவனத்திலும் 2021 ஜூன் மாதம் ஆரம்ப கால பயிற்சி மையம் திறக்கப்பட்டது.

இன்னொன்று. பிள்ளை இப்படிப் பிறந்ததற்குத் தாய் செய்த பாவமும் காரணம் இல்லை, கிரகணமும் காரணம் இல்லை. மாமியார் ஏச்சில் போகும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்குத்தான் நஷ்டம். வலை கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். போன வயசைத் திருப்பி வாங்க முடியுமா?